கறுப்புக் கோட்டு தேய்த்த கை

நீதிமன்றத்துக்குப் பின்பக்கத் தெருவில் யார் கடை போட்டாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர், டீக்கடைக்காரர், மனு டைப் அடித்துக் கொடுப்பவர் என்று எல்லாருமே வக்கீல்களையும், வக்கீல்களிடம் வந்து மாட்டிக்கொண்டவர்களையும் நம்பித்தான் காலையில் கதவைத் திறந்தார்கள். அந்த வரிசையின் நடுவில் லாண்டரி. நீதிமன்றத்துக் கறுப்புக் கோட்டுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் சலவைக்கு வந்தன. வியர்வையும் காப்பிக் கறையும் ஏறி, துவண்டுபோய் வந்த கோட்டு திரும்பிப் போகும்போது உள்ளே இருக்கும் ஆளுக்கே ஒரு நிமிர்வு வந்துவிடும்.

முன்னால் கல்லா. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கொதிகலன், நீராவி இஸ்திரிப்பெட்டி, நீள மேசை, கம்பி நிறைய ஹேங்கர்கள். கண்ணாடி எப்போதும் வேர்த்துக் கிடக்கும். உள்ளே ஒரு பெண் குனிவதும் நிமிர்வதும் மட்டும் மங்கலாகத் தெரியும். குசும்பு பிடித்த குமாஸ்தா ஒருவர் அவளுக்கு ஆவியக்கா என்று பெயர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. யாரோ அதை அவள் காதிலேயே போட்டபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரியாத்தான் வெச்சிருக்காரு. சம்பளம் கேக்காம நாள்பூரா உழைக்கறது பேய் ஒண்ணுதானே" என்றாள்.

முதலாளியின் பெண்டாட்டிக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? கல்யாணமாகி வந்த வாரமே மேசைக்கு முன்னால் நின்றவள், இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்றாள். கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒரு பொல்லாத துணி. பெட்டியை நேராக வைத்துவிட்டால் பளபளவென்று மினுங்கிப்போகும். அப்புறம் அதை எந்தச் சாமி வந்தாலும் சரிசெய்ய முடியாது. ஈரத்துணி போட்டு, அதன்மேல்தான் சூடு காட்ட வேண்டும். அதிலும் காலரிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும் மடிப்பு இருக்கிறதே, அதை எல்லாரும் பெட்டியால் அமுக்கிப் பலகை மாதிரி ஆக்கிவிடுவார்கள். ஆவியக்கா அமுக்க மாட்டாள். அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, ஆவி மட்டும் காட்டி, சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். மடிப்பு புஸ்ஸென்று உயிரோடு நிற்கும். அவள் உள்ளங்கை பழுத்துக் காய்த்துப் போனதும் அப்படித்தான்.

வக்கீல்கள் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன கைய்யா உங்களுக்கு!" என்று கல்லாவைப் பார்த்துச் சொல்வார்கள். முதலாளி அடக்கமாகச் சிரித்து, தொழில் என்றால் அப்படித்தான் என்று அதை வாங்கிப் போட்டுக்கொள்வார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது காதில் விழும். நமக்குச் சொன்னால் என்ன, அவருக்குச் சொன்னால் என்ன, எல்லாம் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது என்று அவள் அடுத்த கோட்டை எடுப்பாள். நல்ல மனசு சில பேருக்குச் சாபமாக வாய்க்கிறது.

பிறகு முதலாளி கல்லாவுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். கணக்குப் பார்க்க என்றார். கணக்கு நன்றாகத்தான் பார்த்தாள். கொஞ்ச நாளில் கல்லாவிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆவியக்கா சண்டை போடவில்லை, ஊரைக் கூட்டவில்லை. விவாகரத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள். ஜீவனாம்சம் ஏதாவது வேண்டுமா என்று அப்போதிருந்த வயசான நீதிபதி இரண்டு தடவை கேட்டார்.

"அந்த ஆளு காசு எனக்கு வேணாங்க. எனக்குக் கை இருக்கு" என்றாள், இரண்டு தடவையும்.

ரோஷம் என்பது அவ்வளவு நல்ல சாமான் இல்லை. அதை வைத்து ஒரு வேளை அடுப்புகூட எரியாது. கை இருக்கிறது என்றாளே, அந்தக் கைதான் முதலில் காலை வாரியது. ஓட்டல் ஒன்றின் சலவை அறையில் ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்து மடிக்கிற வேலை கிடைத்தது. மணிக்கட்டு ஏற்கெனவே தேய்ந்து கிடந்தது. ஈர விரிப்பின் கனம் தாங்காமல் வீங்கி, கட்டைவிரல் மடங்காமல் நின்றுவிட்டது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாடகை கொடுக்க முடியாமல் நாத்தனார் வீட்டுப் பின்கட்டு அறைக்கு வந்து சேர்ந்தாள்.

நாத்தனார் என்றால் முதலாளியின் சொந்தத் தங்கை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வாய் கொஞ்சம் நீளம். நியாயமும் கொஞ்சம் நீளம். அண்ணன் அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றோடு அண்ணன் வாசலை மிதிப்பதை நிறுத்தியவள். அவள்தான் அண்ணியை டாக்டரிடம் காட்டினாள். வருஷக்கணக்காக ஒரே அசைவில் அழுத்தி அழுத்தி நரம்பு உறை தடித்துவிட்டது, கனமான பெட்டி தூக்கினால் கை நிரந்தரமாகப் போய்விடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார்.

"அண்ணி, கோர்ட்டுல இலவசமா வக்கீல் குடுக்கறாங்களாம். எங்க வார்டுல ஒரு அம்மா சொன்னாங்க. போய்க் கேப்போம்."

"வேணாம்னு வாயால சொல்லிட்டு வந்திருக்கேன். இப்பப் போய்க் கை நீட்டினா காறித் துப்ப மாட்டாங்களா?"

"துப்பினா தொடைச்சுக்கலாம். பட்டினி கிடந்தா யாரு தொடைக்கறது?"

இன்னொரு பயமும் இருந்தது. அந்த ஊரில் எந்த வக்கீலிடம் போனாலும் அவர் கோட்டு லாண்டரிக் கம்பியில் தொங்கிய கோட்டாகத்தான் இருக்கும். ஆவியக்காவுக்கு வக்கீல்களின் முகம் தெரியாது, பேர் தெரியாது, கோட்டு தெரியும். மூக்குப்பொடி வாசனைக் கோட்டு, பொத்தான் தொங்கும் கோட்டு, இடது பையில் எப்போதும் மிட்டாய்த் தாள் இருக்கும் கோட்டு. எல்லாரும் முதலாளியோடு தோளில் கை போட்டுப் பேசுகிறவர்கள்.

இலவசச் சட்ட உதவி அறை நீதிமன்றத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உயரமான ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. உட்கார்ந்திருந்த வக்கீலம்மாவுக்கு முப்பதைத் தாண்டியிருக்காது. ஆவியக்காவின் கண் முதலில் போனது ஆணிக்குத்தான். அந்தக் கோட்டு அவள் மேசைக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்திருந்தால் இந்தக் கதியில் இருக்காது. முதுகெல்லாம் மினுங்கல்; நெஞ்சு மடிப்பு பலகை; கைப்பக்கம் மைக்கறை. இவர் நம்ம கடை வாடிக்கை இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

வக்கீலம்மா விவாகரத்துத் தீர்ப்பை வாங்கி முழுசாகப் படித்தார். பழைய நீதிபதி ஒரு காரியம் செய்திருந்தார். மனைவி இப்போது ஜீவனாம்சம் கேட்கவில்லை, பிற்பாடு தேவை ஏற்பட்டால் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அன்றைக்கு நீதிமன்றத்தில் அதைப் படித்துக் காட்டும்போது ஆவியக்கா ரோஷத்தோடு வராந்தாவில் போய் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"கை நீட்டிப் பிச்சை கேக்கற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"நீங்க அப்படி நினைக்கறதுதான் அவங்களுக்கு வசதி" என்றார் வக்கீலம்மா. "பாருங்கம்மா. ரெண்டு பேர் சேந்து ஒரு குடும்பத்தை, ஒரு கடையை உண்டாக்கறாங்க. பிரியும்போது ஒருத்தர்கிட்ட எல்லாம் நிக்குது, இன்னொருத்தர்கிட்ட ஒடம்பு வலி மட்டும் நிக்குது. அதைக் கொஞ்சமாவது சரிக்கட்டத்தான் ஜீவனாம்சம். அவரு இரக்கப்பட்டுக் குடுக்கறதில்ல. அவருக்கு எவ்வளவு வருது, உங்களுக்கு என்ன தேவை, உங்களால எவ்வளவு சம்பாதிக்க முடியும், இத்தனை வருஷம் நீங்க என்ன உழைச்சீங்க, இதையெல்லாம் கோர்ட்டு பாக்கும். இதுல ரெண்டு விஷயம் நாம நிரூபிக்கணும். கடைல நீங்க உழைச்சது ஒண்ணு. இப்ப முடியலங்கறது இன்னொண்ணு."

உழைத்ததை நிரூபிக்க வேண்டுமா என்று ஆவியக்கா சிரித்தாள். தெருவையே கேளுங்கள் என்றாள்.

தெருவைக் கேட்டார்கள். ஜெராக்ஸ்காரர் தனக்கெதற்கு வம்பு என்றார். டீக்கடைக்காரர் நாலு பேர் வந்து போகிற இடம், யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது என்றார். குமாஸ்தாக்கள், கண்ணாடிக்குப் பின்னால் யாரோ இருப்பார்கள், யார் என்று யார் பார்த்தது என்றார்கள். பேர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு முகம் தெரியவில்லை. நான் சொல்கிறேன் என்று கிளம்பிய நாத்தனாரை, அண்ணனோடு பேச்சு இல்லாதவள் சாட்சி எடுபடாது என்று வக்கீலம்மா தடுத்துவிட்டார். கூலி வாங்கியிருந்தால் எங்காவது ஒரு கையெழுத்தாவது இருந்திருக்கும். சொந்தக் கடையில் யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்?

முதலாளி தரப்பிலிருந்து பதில் மனு வந்தது. வக்கீலம்மா அதைத் தயங்கித் தயங்கிப் படித்தார். மனுதாரர் வீட்டோடு இருந்தவர். என் கடையில் ஒருநாளும் வேலை செய்ததில்லை. கைவலி என்பது நடிப்பு. திடகாத்திரமாக இருக்கிறார், உழைத்துப் பிழைக்கலாம். கடையில் இப்போது ஈ ஓட்டுகிறேன்.

'ஒருநாளும்' என்ற சொல்லில் ஆவியக்கா நின்றுவிட்டாள். வேறொருத்தியைக் கூட்டிவந்ததைக்கூட அவள் எப்படியோ விழுங்கியிருந்தாள். இது விழுங்க முடியாததாக இருந்தது. நாத்தனார் அண்ணனைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை அந்த அறையில் எழுதி வைத்திருந்தால் தனி வழக்கே போடலாம்.

விசாரணைக்கு முந்தின நாள் மறுபடி மாடிப்படி அறைக்குப் போனார்கள். என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்வது என்று வக்கீலம்மா சொல்லிக்கொடுத்தார். கேட்டதற்கு மட்டும் பதில், உள்ளதைச் சொல்லுங்கள், கோபப்படாதீர்கள். ஆவியக்கா தலையாட்டினாலும் கண் ஆணியிலேயே இருந்தது. நாளைக்கு இவர் எழுந்து நின்று தனக்காகப் பேசப்போகிறார். எதிரில் முதலாளியின் வக்கீல் நிற்பார். அவரையும் கோட்டை வைத்துத்தான் அவளுக்குத் தெரியும். ஊரிலேயே அகலமான கோட்டு அவருடையதுதான். பெரிய கோட்டு என்றுதான் கடையில் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் இந்த மினுங்கல் கோட்டு நின்றால் எப்படி இருக்கும்? அதுவும் முதலாளி பார்க்க?

வக்கீலம்மா யாரோ குமாஸ்தாவோடு தேதிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், காலையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆவியக்கா கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நாத்தனார் டியூட்டிக்குப் போயிருந்தாள். தரையில் கம்பளியை விரித்து, மணிக்கட்டில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மைக்கறையை எடுத்தாள். நீர்த்த வினிகரில் தோய்த்து, பிரஷ்ஷால் நூலோட்டம் பார்த்துத் துடைத்து, மினுங்கலை முடிந்தமட்டும் அடக்கினாள். வீட்டுப் பெட்டிதான், கனமில்லாதது. ஆனாலும் தூக்கும் ஒவ்வொரு தடவையும் வலி முழங்கை வரை போய் வந்தது. பத்து நிமிஷம் தேய்ப்பாள், கையை வெந்நீரில் போடுவாள், மறுபடி தேய்ப்பாள். ஒரு கோட்டுக்கு மத்தியானம் முழுக்கப் போயிற்று. முன்பெல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள் முடிக்கிற வேலை. கடைசியில் துண்டைச் சுருட்டி வைத்து நெஞ்சு மடிப்பை உள்ளங்கையால் பிடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மடிப்பு எழுந்து நின்றது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவளுக்குத் தன்னை அடையாளம் தெரிந்தது.

மறுநாள் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்ட வக்கீலம்மா குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலாளி கசங்கின சட்டையில் வந்திருந்தார். லாண்டரிக்காரர் கசங்கின சட்டையில் வருவதைப் பார்த்து நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்தபடி முணுமுணுத்தாள். நன்றாகத் தேய்த்த சட்டையைக் கையால் கசக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஆவியக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, கசங்கலை யாரும் சாட்சியாகச் சேர்க்க மாட்டார்கள்.

முதலில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். டாக்டர் சீட்டைக் காட்டினார்கள். கனமான பெட்டி தூக்கி வேலைசெய்து பிழைக்க முடியாது என்றாள். பெரிய கோட்டு குறுக்கு விசாரணைக்கு எழுந்து நாலு சம்பிரதாயக் கேள்வி கேட்டார். அப்போதுதான் முதலாளி பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ சொன்னார். சொல்லும்போது அவர் கண் வக்கீலம்மாவின் கோட்டு மடிப்பிலேயே இருந்தது.

"ஏம்மா, உங்களால இஸ்திரி போட முடியாது. அப்படித்தானே?"

"முடியாதுங்க."

"உங்க வக்கீலம்மா போட்டிருக்காங்களே, அந்தக் கோட்டைத் தேய்ச்சது யாரு?"

வக்கீலம்மா ஆட்சேபம் சொல்ல எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார், கேள்வி இருக்கட்டும் என்றார். வேறு கடையில் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாத்தனார் பெஞ்சிலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். ஆவியக்கா கோட்டைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் தன் வேலையை இன்னொருத்தர் பேரில் போகவிட்டவள். இன்றைக்கும் விட அவளால் முடியவில்லை.

"நான்தாங்க" என்றாள். "அரை நாளாச்சு. கையைப் பாருங்க."

வீங்கிய கையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கோட்டைப் பார்த்தார்கள். பெரிய கோட்டு இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் உட்கார்ந்தார்.

அடுத்து முதலாளி ஏறினார். காற்று தன் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்த தெம்பு அவர் நிற்பதிலேயே இருந்தது. வக்கீலம்மா வேர்த்திருந்தார். கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டுத் தன் கோட்டு மடிப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"இது இவங்க தேய்ச்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தாலே தெரியுமே" என்றார் முதலாளி. "இந்த மடிப்பு இருக்கே, இதை இந்த மாதிரி எடுக்கறதுக்கு இந்த ஊர்ல வேற ஆளே கிடையாது. மத்தவன்லாம் அமுக்கிக் கொன்னுடுவான். இது பெட்டியால வர்ற மடிப்பு இல்லீங்க, உள்ளங்கையால வர்றது. கண்ணைக் கட்டிட்டுத் தடவிப் பாக்கச் சொன்னாலும் சொல்லுவேன், இவ கைன்னு."

தொழில் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. கல்லாவில் உட்கார்ந்து பேசிப் பழகிய வாய்.

"அப்படியா. உங்க கடைக்கு வந்த கோட்டெல்லாம் இப்படித்தான் போகுமா?"

"எல்லாமே. இங்க நிக்கற யாரை வேணா கேளுங்க. கறுப்புக் கோட்டை வேற ஒருத்தர் தொட விட்டதே இல்ல. அவ ஒருத்திதான்..."

அங்கே நிறுத்தினார். நிறுத்தினது அவருக்கே கேட்டது. பெரிய கோட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

கடையில் ஒருநாளும் வேலை செய்ததில்லை என்று பதில் மனுவில் சொல்லியிருக்கிறீர்களே என்று வக்கீலம்மா மெதுவாகக் கேட்டார். முதலாளி கசங்கின சட்டையின் கைமடிப்பை நீவிக்கொண்டு நின்றார். நீதிபதி, அவர் சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்துகொள்ளும்படி டைப் அடிப்பவரிடம் சொன்னார். எந்திரம் தடதடவென்று அடித்தது. நாத்தனார் முதல் தடவையாக அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

தீர்ப்பு பிறகு ஒருநாள் வந்தது. மனைவியின் உழைப்பில்தான் அந்தக் கடை நின்றது என்பது கணவர் வாயாலேயே வெளிவந்துவிட்டது. ஆகவே மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு கோட்டைத் தேய்க்க முடிந்தவரை ஒன்றுமே முடியாதவர் என்று கொள்வதற்கில்லை. ஆகவே கேட்டதில் பாதி. அவர் வாய் அவரைக் கெடுத்தது. அவள் கை அவளைக் கெடுத்தது. பாதியாவது கிடைத்ததே, மீதிக்கு அப்பீல் போகலாம் என்று வக்கீலம்மா சொன்னார். அந்தக் கோட்டில் அதற்குள் மறுபடி மினுங்கல் வந்திருந்தது. தானே தேய்த்துக்கொள்கிறார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். வாளியில் கையை விட்டுக்கொண்டு ஆவியக்கா உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோட்டைத் தொடாமல் இருந்திருந்தால் முழுசும் கிடைத்திருக்கும் என்று நாத்தனார் ஒரு பாட்டம் திட்டி முடித்தாள். தொடாமலிருந்திருந்தால் அவர் வாய் திறந்திருக்க மாட்டார், ஒன்றுமே கிடைத்திருக்காது என்று அவளே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஜெயிச்சுட்டு வந்து அழறீங்க? பாதிதான் குடுத்தாங்கன்னா?"

"அதில்ல." ஆவியக்கா கையை வெளியே எடுக்கவில்லை. "நீயும் அங்கதானே இருந்த. இவ கைன்னு கண்ணைக் கட்டினாலும் சொல்லுவேன்னாரு. ஊர்ல வேற ஆளே இல்லன்னாரு. கல்யாணமான நாள்லேர்ந்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. அன்னிக்குத்தான் சொன்னாரு. அதுவும் எனக்கு ஒண்ணும் குடுக்கக்கூடாதுங்கறதுக்காகச் சொன்னாரு."

வெந்நீரின் ஆவி இருவருக்கும் நடுவில் எழும்பிக்கொண்டிருந்தது.

"அதைக் கேட்டப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு" என்றாள் ஆவியக்கா. "அதுதான் தாங்கல."